கூடாரத்தை விடுங்க, கீழே படுத்துப் பாருங்க

பிரிஸ்பேன்ல இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "ப்ரோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆஃப்-ரோடு கேம்பர் டிரெய்லர் பார்த்து வச்சிருக்கேன், வாங்கலாமா?" நான் ஒண்ணு வாங்கி, மூணு வருஷம் இழுத்துக்கிட்டுச் சுத்திட்டு, போன மாசம்தான் வித்தேன். அதனால இன்னைக்கு வாங்குறது, விக்கிறது ரெண்டையும் பேசுவோம்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. காருக்குப் பின்னாடி கோர்த்து இழுக்கிற இரும்புப் பெட்டி. மூடியைத் திறந்து மடிச்சா கேன்வாஸ் கூடாரம் விரியும். உள்ளே மெத்தை, பக்கத்துல இழுத்தா கிச்சன், அடியில தண்ணி டேங்க். மண் ரோடு தாங்கணும்னு சேசிஸும் சஸ்பென்ஷனும் கனமா இருக்கும்.

விளம்பரத்துல வர்ற பத்து போட்டோவுல ஒன்பது கூடாரம்தான். ஆனா கேன்வாஸ் கிழிஞ்சா தைக்கலாம், மெத்தை, பேட்டரி, டயர் எல்லாம் மாத்தலாம். நம்மால சரி பண்ண முடியாதது, பண்ணினாலும் கட்டுப்படியாகாதது மூணுதான்: எடை, கடன், சேசிஸ். இந்த வரிசையிலேயே பாருங்க.

முதல்ல எடை. டிரெய்லர்ல ஒரு தகடு அடிச்சிருப்பாங்க. அதுல 'டேர்'னு இருக்கிறது காலி எடை. 'ஏ.டி.எம்'னு இருக்கிறது, எல்லாம் ஏத்தின பிறகு அது தாண்டக்கூடாத எடை. உதாரணத்துக்கு டேர் 1150 கிலோ, ஏ.டி.எம் 1500 கிலோன்னு வைங்க. நீங்க ஏத்தக்கூடியது 350 கிலோ. 100 லிட்டர் தண்ணி ஊத்தினாலே 100 கிலோ போச்சு. இதுல இன்னொரு சிக்கல்: பழைய ஓனர் பிறகு மாட்டின ரெண்டாவது பேட்டரி, ஃப்ரிட்ஜ் ஸ்லைடு, கூரை ரேக் எதுவும் தகட்டுல இருக்கிற டேர்ல சேராது. அதனால முடிஞ்சா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு எடை மேடையில ஏத்திப் பாருங்க.

அடுத்து உங்க கார். "என்கிட்ட ஆர்ஏவி4 ஹைப்ரிட் இருக்கு, இழுக்குமா?"ன்னு கேட்பாங்க. 2019ல இங்கே வந்த மாடல்ல நாலு சக்கர டிரைவ்னா பிரேக் உள்ள டிரெய்லரை 1500 கிலோ வரைக்கும் இழுக்கலாம். அதே காரோட ரெண்டு சக்கர டிரைவ்னா வெறும் 480 கிலோ. வெளியே இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். அதனால பேரை நம்பாதீங்க, கார் கையேட்டைத் திறந்து பாருங்க. இதோட, டிரெய்லரோட மூக்கு காரோட பந்து மேல அழுத்துற எடையும் இருக்கு. பொதுவா மொத்த எடையில பத்துல ஒரு பங்கு. அதுக்கும் கார்ல தனி வரம்பு உண்டு.

ரெண்டாவது கடன். ஆஸ்திரேலியாவுல பி.பி.எஸ்.ஆர்னு ஒரு அரசுப் பதிவேடு இருக்கு. டிரெய்லரோட 17 எழுத்து வின் நம்பரைப் போட்டு 2 டாலர் கட்டினா, அது மேல கடன் பதிவாகியிருக்கா, திருட்டு வண்டியா, விபத்துல கழிச்சுக் கட்டினதான்னு சான்றிதழ் மெயில்ல வந்துடும். கடன் பாக்கி இருக்கிறதை வாங்கினா, கடன் கொடுத்தவங்க உங்க வீட்டு வாசல்ல இருந்தே எடுத்துட்டுப் போகலாம். காசு கொடுக்கிற அன்னைக்கோ அதுக்கு முந்தின நாளோ இதைத் தேடுங்க. விக்கிறவர் காட்டுற பழைய சான்றிதழ் போதாது. வின் நம்பரையும் போட்டோவுல பார்த்து எழுதாம, சேசிஸ்ல நீங்களே பாருங்க.

குயின்ஸ்லாந்துல ரெஜோ இருக்கிற டிரெய்லரை விக்கணும்னா, ஏ.டி.எம் 750 கிலோவுல இருந்து 3.5 டன் வரைக்கும் சேஃப்டி சர்டிஃபிகேட் வேணும். அதை விளம்பரம் போடும்போதே விக்கிறவர் வாங்கி வச்சிருக்கணும். கேஸ் அடுப்பு, குழாய் நிரந்தரமாப் பொருத்தியிருந்தா அதுக்குத் தனி சான்றிதழ். "அப்புறம் எடுத்துத் தர்றேன், முதல்ல அட்வான்ஸ் அனுப்புங்க"ன்னு சொன்னா, வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க. நேர்ல பார்க்காம ஒரு டாலர்கூட அனுப்பாதீங்க.

மூணாவது சேசிஸ். பழைய துணி ஒண்ணு, டார்ச் ஒண்ணு எடுத்துட்டுப் போய் டிரெய்லருக்கு அடியில படுங்க. முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற டிராபார் பெட்டியோட சேர்ற இடம், ஸ்பிரிங் மாட்டியிருக்கிற கொக்கி, சஸ்பென்ஷன் வெல்டிங். அலை அலையா இருக்கிற மண் ரோட்டுல மணிக்கணக்கா அடி வாங்குறது இங்கேதான். முடி மாதிரி ஒரு கோடு, அதுல இருந்து துரு வழிஞ்ச தடம் தெரிஞ்சா அது விரிசல். எல்லாம் பழசா இருக்க, ஓர் இடத்துல மட்டும் புது பெயிண்ட் இருந்தா ஏன்னு கேளுங்க. கே'காரி தீவு மணல்ல ஓடின டிரெய்லர்னா உப்பு உள்ளே போயிருக்கும். இரும்புக் குழாயை விரலால தட்டி, ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சக்கரத்தை ஜாக்கியில தூக்கிச் சுத்தினா கரகரன்னு சத்தம் வரக்கூடாது. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆடக்கூடாது.

இது எல்லாம் சரின்னா மட்டும் கூடாரத்துக்கு வாங்க. முழுசா விரிக்கச் சொல்லுங்க. மூக்கை வச்சுப் பாருங்க, பூஞ்சை வாடை மறைக்க முடியாது. எல்லா ஜிப்பையும் இழுங்க. நீங்களே ஒரு தடவை மடிச்சும் பாருங்க. மழையில செய்யப்போறது நீங்கதானே.

இப்போ விக்கிற கதை. விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி கழுவும்போது, ஸ்பிரிங் கொக்கிக்குப் பக்கத்துல ஒரு விரிசலைப் பார்த்தேன். விரல் நகம் அளவுதான். ஒரு நண்பர், "பெயிண்ட் அடிச்சு விடுடா, யார் படுத்துப் பார்க்கப் போறா"ன்னார். அவர் சொன்னது உண்மைதான், பெரும்பாலானவங்க பார்க்க மாட்டாங்க. ஆனா இதை வாங்குறவர் ஹைவேல 100ல போவார். கார்ல பிள்ளைங்க இருக்கும், பின்னாடி நம்மளை மாதிரி இன்னொரு கார் வரும். பட்டறையில கொடுத்து வெல்டிங் பண்ணி, தகடு வச்சு பலப்படுத்தி, ரசீதையும் முன்-பின் போட்டோவையும் விளம்பரத்துலயே போட்டேன்.

ரெண்டு பேர் அந்தப் போட்டோவைப் பார்த்துட்டு வரவே இல்லை. மூணாவதா ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா நேரா கீழே படுத்து வெல்டிங்கைப் பார்த்தாங்க. நான் கேட்டதுல 800 டாலர் குறைச்சுக் கேட்டாங்க, கொடுத்தேன். கேப் யார்க் போறோம்னாங்க. அந்த ரோட்டுல 300 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி இதே இடத்தைப் பாருங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

நீங்க பார்த்து வச்சிருக்கிற டிரெய்லரோட தகட்டையும், உங்க கார் கையேட்டுல இருக்கிற இழுவை வரம்பையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்ந்து கணக்குப் போடுவோம்.