வெளிநாட்டு விசாவும் நம் சான்றிதழ்களும்
(பத்து காஜாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் தாத்தா பாட்டிமார் கெல்லாஸ் தோட்டத்துக்கு வந்தபோது யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கெல்லி மாளிகைக்குக் கல் சுமந்தவர்களிடம் ஆங்கிலம் தெரியுமா என்றும் கேட்கவில்லை. உடம்பு இருந்தால் போதும். இன்று உங்கள் பிள்ளை ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ முறைப்படி வேலைக்குப் போக வேண்டுமானால் முதலில் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். நம் மக்கள் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, எஸ்.பி.எம். சான்றிதழில் இன்னொன்று. முனுசாமி என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டு என்று உங்களுக்கே தெரியும்! ஏ/எல் என்றால் மகன், ஏ/பி என்றால் மகள் என்பது நமக்குத் தெரியும். சிட்னியில் கோப்பைப் புரட்டும் அதிகாரிக்குத் தெரியுமா? ஆகவே எல்லாப் பத்திரங்களையும் கடப்பிதழோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் திருத்தக் கேளுங்கள். பழைய பத்திரத்தைத் திருத்த வழியில்லை என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் ‘சூராட் அக்குவான்’ செய்து வையுங்கள். மலாய்மொழிச் சான்றிதழுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

அடுத்தது மதிப்பீடு. ஒரு நாடு ஏற்ற பட்டத்தை இன்னொரு நாடு ஏற்றாக வேண்டும் என்பதில்லை. 2005-இல் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை நம் அரசாங்கம் விலக்கப்போவதாக அறிவித்தபோது, எத்தனை இந்தியக் குடும்பங்கள் கலங்கின! பிரிட்டனில் வெளிநாட்டுப் படிப்பை ஒப்பிட்டுச் சொல்வது எக்டிஸ். 2021 வரை அதன் பெயர் நாரிக். நியூசிலாந்தில் என்.இசட்.கியூ.ஏ. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அமைப்பு. தாதிக்கு ஒன்று, பொறியியலாளருக்கு ஒன்று, கைத்தொழிலாளருக்கு வேறு. எது என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

ஆங்கிலத்துக்கு எஸ்.பி.எம். மதிப்பெண் போதாதா என்று கேட்கிறீர்கள். மூவெட் தேர்வும்கூட பிரிட்டன், ஆஸ்திரேலியா விசாப் பட்டியல்களில் இல்லை. பலர் எழுதுவது ஐஇஎல்டிஎஸ். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. சராசரி நன்றாக இருந்தும் எழுத்தில் மட்டும் குறைந்து விசா தவறலாம், ஏனென்றால் பல விசாக்களுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 6 வேண்டும். உயர்கல்விக்கு ஒரு வகை, வேலைக்குக் குடிபெயர இன்னொரு வகை. பிரிட்டன் விசாவுக்கென்றே தனியாகப் பதிய வேண்டும், பிறகு மாற்ற முடியாது. முடிவு பிரிட்டனுக்கு 2 ஆண்டுதான் செல்லும். அதனால் மற்ற காகிதங்கள் தயாரான பின் எழுதுங்கள்.

பட்டறையில் பதினைந்து வருடம் வெல்டிங் செய்தும் கையில் ஒரு சான்றிதழும் இல்லாத அண்ணன்மாரே, உங்களுக்கும் வழி உண்டு. திறன் மேம்பாட்டு இலாகாவின் பி.பி.டி. முறையில், வகுப்புக்குப் போகாமலே வேலை அனுபவத்தைக் காட்டி எஸ்.கே.எம். பெறலாம். என்னைக் கேட்டால், வெளிநாடு போகாதவரும் இதை எடுக்க வேண்டும்.

ஏஜெண்டு ‘பேண்ட் 6 வாங்கித் தருகிறேன், அனுபவக் கடிதம் அடித்துத் தருகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்ப் பத்திரம் கொடுத்து மாட்டினால் ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு விசா கிடைக்காமல் போகலாம். பிரிட்டனில் ஏமாற்று வேலைக்குத் தடை 10 ஆண்டு வரை போகும். தண்டனை ஏஜெண்டுக்கு அல்ல, உங்கள் பிள்ளைக்கு.

உண்மையான அனுபவத்துக்கும் ஆதாரம் வேண்டும். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கியவர் எதைக் காட்டுவார்? இ.பி.எப். கட்டுவது முதலாளி செய்யும் தயவு அல்ல, சட்டம். சம்பளச் சீட்டையும் இ.பி.எப். கணக்கறிக்கையையும் வருடவாரியாக ஒரு கோப்பில் போடுங்கள். வேலையை விடும் நாளில், என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று முதலாளியிடம் கையெழுத்துக் கடிதம் கேளுங்கள். அந்தக் கம்பெனி மூடிவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?