செயலுக்கு முன்னும் பின்னும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



"எவ்வளவு எடுத்துச் சொல்லியும் எங்கள் ஊரார் திருந்துவதில்லை" என்று நம்மிடம் குறைபட்டுக்கொள்ளாத உறுப்பினர் அரியர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்று நமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வீடுதோறும் கழிப்பறை கட்டப்பட்டிருந்தது. ஆயினும் பலவற்றில் விறகும் எருமூட்டையுமே குடியிருந்தன. நாம் விடியற்காலையில் சென்று கடிந்துரைத்தோம். அபராதம் விதிக்கவும் ஏற்பாடு செய்தோம். ஒரே வாரத்தில் சாலையோரம் தூய்மையாயிற்று. மகிழ்ந்து திரும்பினோம். ஆனால் மக்கள் கழிப்பறைக்குச் செல்லவில்லை. நம் கண்ணில் படாத ஏரிக்கரைக்கு, இன்னும் இருட்டிலேயே செல்லத் தொடங்கியிருந்தனர். அங்குச் சறுக்கி விழுந்து மூதாட்டி ஒருவர் கை முறிந்தது. அம்முறிவில் நமக்கும் பங்குண்டு என்பதை நாம் இன்றும் மறந்திலோம்.

எங்கே தவறினோம்? இதற்கு விடை தரும் துறை ஒன்று உண்டு. பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு என்பது அதன் பெயர். பெயர் பெரிது, பொருள் எளிது. 1898ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தார்ன்டைக், பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து, வெளியே உணவு வைத்துப் பார்த்தார். கதவைத் திறக்க உதவிய செயல் மட்டும் நாளடைவில் நிலைத்தது. பயனற்ற செயல்கள் உதிர்ந்தன. பின்னர் ஸ்கின்னர் என்பார் இக்கருத்தைப் பெரிதும் விரிவாக்கினார். 1968இல் பேர், வுல்ஃப், ரிஸ்லி என்னும் மூவர், இவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நில்லாமல் மக்கள் வாழ்வுக்கு முக்கியமான நடத்தைகளுக்குப் பயன்படவேண்டும் என்று வரையறுத்து எழுதினர்.

இனி, இத்துறையின் சொற்களுள் சிலவற்றைக் காண்போம். நடத்தை என்பது கண்ணால் காணவும் எண்ணிக் கணக்கிடவும் கூடிய செயல். "சோம்பல்", "பொறுப்பின்மை" என்பன நடத்தைகள் அல்ல. அவை நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டுகள். "காலையில் கழிப்பறையைப் பயன்படுத்தினார்" என்பதே நடத்தை. அதற்குச் சற்று முன் நிலவும் சூழல் முன்நிகழ்வு. அதனைத் தொடர்ந்து வருவது பின்விளைவு. இம்மூன்றையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

ஒரு செயலுக்குப் பின் வருவது அச்செயலை மேலும் நிகழச் செய்யுமாயின் அது வலுவூட்டல் ஆகும். முதன்முதலாகக் கூட்டத்தில் பேசிய பெண் உறுப்பினரின் கோரிக்கை உடனே கவனிக்கப்பட்டு, அவர் அடுத்த கூட்டத்திலும் பேசுவாராயின், அது நேர்மறை வலுவூட்டல். தொல்லையொன்று நீங்குவதால் செயல் வலுப்பெறுவது எதிர்மறை வலுவூட்டல். கொசுக்கடி நீங்குவதால் நாள்தோறும் வலை கட்டுகிறோம் அல்லவா? இதனைத் தண்டனை என்று மயங்கலாகாது. தண்டனை செயலைக் குறைப்பது, இதுவோ செயலை வளர்ப்பது. நாம் கடிந்தபோது, "பயன்படுத்துகிறோம் ஐயா" என்று பொய் சொன்னவரை விட்டு உடனே அகன்றோம். தொல்லை நீங்கிற்று, பொய் வலுப்பெற்றது! ஆக, நாமே பொய்யை வளர்த்தோம்.

தண்டனை ஒரு செயலை அடக்கலாம்; மாற்றுச் செயலைக் கற்பிக்காது. தண்டிப்பவர் இல்லாத இடத்திற்குச் செயலை நகர்த்திவிடவும் கூடும். ஏரிக்கரையில் நிகழ்ந்தது இதுவே.

இதனை உணர்ந்தபின் முறையை மாற்றினோம். கடிதலை நிறுத்தி, ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள மட்டுமே செய்தோம். தண்ணீர்க் குழாய் தொலைவில் இருந்தது, உள்ளே விளக்கில்லை, குழி விரைவில் நிறைந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. இவையே முன்நிகழ்வுகள். வாயிலருகே தண்ணீர்த் தொட்டியும் உள்ளே விளக்கும் அமைக்கப்பட்டன. கழிப்பறைகள் இரட்டைக் குழி உடையவை. ஒன்று நிறைந்தால் மற்றொன்றுக்கு மாற்றி, நிறைந்ததை 2 ஆண்டுகள் மூடிவைத்தால் உள்ளிருப்பது மக்கி எருவாகும் என்று விளக்கினோம். எரு என்றதும் உழவர்கள் காது கொடுத்தனர்.

அடுத்து, படிப்படியாக உருவாக்கல். முதல்நாளே முழுமையை எதிர்பாராமல், இரவில் மட்டும் பயன்படுத்தியவரையும் வார்டு உறுப்பினர் அன்றே பாராட்டினார். பின்னர் மழைநாள், அதன்பின் எந்நாளும் என்று விரிந்தது. பாராட்டு உடனுக்குடன் வருதல் வேண்டும். ஆண்டு விழாவில் அளிக்கும் சால்வை மிகப் பிந்தியது. பழக்கம் வேரூன்றியபின் பாராட்டு சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது. வீட்டருகே கிடைத்த வசதியும் பாதுகாப்புமே பிறகு அதனைத் தாங்கி நின்றன. கை முறிந்த மூதாட்டியின் மகன் கழிப்பறைச் சுவரில் கைப்பிடி ஒன்று பொருத்தினார். அம்மூதாட்டி பின்னர் ஏரிக்கரைக்குச் செல்லவில்லை.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. முன்பு வலுவூட்டிவந்ததை நிறுத்தினால் செயல் நாளடைவில் மறையும்; இது மறைதல் எனப்படும். ஆனால் மறையுமுன் சிலகாலம் மிகுதல் உண்டு. அழுது பண்டம் பெற்றுப் பழகிய குழந்தை, கொடாவிடில் முதலில் இன்னும் உரக்க அழும். அப்போது மனமிரங்கிக் கொடுத்தால், உரக்க அழுவதே வலுப்பெறும். கூட்டத்தில் கூச்சலிட்டு முன்னுரிமை பெற்றுப் பழகியவருக்கும் இஃது ஒக்கும்.

நிற்க. இம்முறை மக்களை ஆட்டிவைக்கும் கயிறு அன்று. எந்த நடத்தை மாறவேண்டும் என்பதை அம்மக்களோடு கலந்தே முடிவு செய்தல் வேண்டும். எவரையும் நாணச் செய்தல் ஆகாது. மாற்றம் அவர்களுக்கு நன்மை தருகிறதா என்பதைக் கணக்கெடுப்பால் அறிதல் வேண்டும். பலன் இல்லையேல், மக்கள்மீது பழி சுமத்தாமல் நம் ஏற்பாட்டைத் திருத்துதல் வேண்டும்.

பெருமக்களே! ஊர் திரும்பியதும் ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்துகொள்ளுங்கள்: திறந்துவிட்ட குழாயை மூடுதலாகலாம், குப்பையைத் தரம் பிரித்தலாகலாம். ஒரு வாரம் யாரையும் கடியாமல் எண்ணுங்கள். முன்னே என்ன, பின்னே என்ன என்று குறியுங்கள். பயிர் வாடினால் உழவர் பயிரை ஏசுவதில்லை. மண்ணையும் நீரையும் பார்க்கிறார். மனிதருக்கும் அந்த அளவு நியாயம் செய்வோமாக.