பேசினால்தான் ஒட்டும்!

(தலைப்பு: ஆங்கிலச் சொல்வளம் பெருகுவது தினசரி மனப்பாடத்தாலா? அன்றாடப் புழக்கத்தாலா? – 'புழக்கத்தாலே' அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! அகராதியும் கையுமாக அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கணக்குப் போட்டாங்க. "ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. வருஷத்துக்கு 3,650 வார்த்தை. இங்கிலீஷ் உங்க வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்துக்கும்"னாங்க. கணக்கு சரிதான் நடுவர் அவர்களே. ஆனா பத்துப் பத்தாப் போட்டு வைக்க மனசு என்ன போஸ்ட் ஆபீஸ் சேமிப்பா? (சிரிப்பு) அது சல்லடைங்க!

இதை நான் சொல்லலை. ஜெர்மனியில எப்பிங்ஹாஸ்னு ஒரு அறிஞர். அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையா மனப்பாடம் பண்ணி, எவ்வளவு மறக்குதுன்னு தன்னையே சோதிச்சு, 1885-ல புத்தகமாவே போட்டார். ஒரு நாள் கழிச்சு மறுபடி படிச்சா, முதல் நாள் உழைப்புல மூணுல ஒரு பங்குதான் மிச்சம்! 'அது அர்த்தமில்லாத அசையாச்சே'ன்னு எதிரணி கேட்கலாம். ஐயா, வாழ்க்கையில ஒட்டாத வார்த்தையும் நமக்கு வெறும் அசைதானே! (கைதட்டல்)

என் கதையையே சொல்றேன். நான் தமிழ் வழியில படிச்சவன். கல்லூரி விடுதியில ஒரு பழைய அகராதி கிடைச்சுது. 'ஏ'யில ஆரம்பிச்சேன். தினம் பத்து. லீவுக்கு ஊருக்குப் போயி, "அபாண்டன், அபாண்டன்"னு உருப்போட்டுக்கிட்டிருந்தேன். எங்க அப்பாயி பதறிப்போயி, "யாருடா உன்மேல அபாண்டம் சொன்னது?"ன்னு சண்டைக்குக் கிளம்பிருச்சு! (பலத்த சிரிப்பு) 'சி'க்கு வந்து திரும்பிப் பார்த்தா, 'ஏ' போன இடம் தெரியலை.

முதல் நேர்முகத் தேர்வு. எதிரே மூணு பேர். நடுவுல இருந்தவர் இங்கிலீஷ்ல ரொம்ப எளிமையாத்தான் கேட்டார்: "உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க."

'எங்கப்பா விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து அடுத்தவங்க வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போவார். அவர் படிக்கலை. என்னைப் படிக்க வெச்சார்.' இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. இதுக்கு வேணுங்கிறதெல்லாம் ஆறாம் வகுப்பு வார்த்தைங்க. ஆனா ஒரு நாளும் வாயைத் திறந்து பேசினதில்லையே! "ஃபாதர்... ஃபார்மர்..."னேன். அதோட நின்னுட்டேன்.

வேலை போனதுக்காக நான் அழலை நடுவர் அவர்களே. ஐநூறு வார்த்தையைச் சுமந்துக்கிட்டுப் போயும், பெத்த தகப்பனைப் பத்தி ஒரு வரி சொல்ல முடியாம வந்தேனேன்னு பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து அழுதேன்.

சில வருஷம் கழிச்சு அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். எங்கம்மா கைநாட்டு. கூட இருந்தது பத்தே நாள். போன்ல சொல்றாங்க: "தம்பி, ஸ்கேன் ரிப்போர்ட் வந்துருச்சு. பிரஷர் நார்மல். டிரிப்ஸ் ஏத்தியாச்சு. திங்கக்கிழமை டிஸ்சார்ஜ்!" (கைதட்டல்) எந்த அகராதியைப் பார்த்தாங்க? புருஷன் உயிரு அந்த வார்த்தையில இருந்துச்சு. அதான் ஒட்டிக்கிச்சு!

அந்த 'ரிப்போர்ட்'டையே எடுத்துக்குங்க. 'போர்ட்'டுக்கு லத்தீன்ல சுமந்து செல்வதுன்னு பொருள். நம்ம ரயில்வே ஸ்டேஷன்ல மூட்டை சுமந்தவர் போர்ட்டர். சரக்கை உள்ளே கொண்டு வந்தா இம்போர்ட். வெளியே அனுப்பினா எக்ஸ்போர்ட். ஊர்விட்டு ஊர் கொண்டு போனா டிரான்ஸ்போர்ட். கையில தூக்கிட்டுப் போக வசதியா இருந்தா போர்ட்டபிள். சேதியைத் திரும்பக் கொண்டு வந்தா ரிப்போர்ட். தெரிஞ்ச ஒரு போர்ட்டரைப் பிடிச்சா அஞ்சு மூட்டை வந்து இறங்குது! (சிரிப்பு)

இங்கிலீஷே அப்படி வளர்ந்த மொழிதாங்க. நம்ம கட்டுமரம் அங்கே கேட்டமரான் ஆச்சு. சுருட்டு செரூட் ஆச்சு. மிளகுத்தண்ணி மல்லிகடானி ஆச்சு. வெள்ளைக்காரன் தமிழ் அகராதியை மனப்பாடம் பண்ணியா எடுத்தான்? கடற்கரையிலும் சாப்பாட்டு மேசையிலும் புழங்கினான், எடுத்துக்கிட்டான்!

தினமும் புதுச்சொல் வேண்டாம்னு எங்க அணி சொல்லலை. பத்து வேண்டாம், ரெண்டு போதும். அன்னிக்கே அதை வெச்சு உங்க வீட்டைப் பத்தி, தெருவைப் பத்தி ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்க. நாளைக்கு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை அதையே பேசுங்க. தப்பு வந்தா நாலு பேர் சிரிப்பான். சிரிக்கட்டும்! சிரிச்சவன் மறந்துருவான், நீங்க அந்த வார்த்தையை மறக்க மாட்டீங்க. (கைதட்டல்)

நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன். முதல்ல எழுதிப் பேசிப் பழகினது, அன்னிக்கு நான் சொல்லாம விட்ட அந்த மூணு வரியைத்தான். இன்னிக்கு யார் கேட்டாலும், எங்கப்பாவைப் பத்தி ரெண்டு மொழியிலயும் நிறுத்தாமப் பேசுவேன்.

ஆகவே நடுவர் அவர்களே, ஆங்கிலச் சொல்வளம் பெருகுவது அன்றாடப் புழக்கத்தாலே, புழக்கத்தாலே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமைகிறேன்.