ஜனாஸாவுக்கு ஓடிவரும் நாம், மனநோய்க்கும் வரவேண்டும்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





மனநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் சமூக அமைப்புகள் என்ன செய்யலாம் என்பது பற்றிப் பேசும்படி செயலவையினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் மருத்துவன் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு, இதே சைனாடவுனில் வியாபாரம் செய்பவன். ஆகவே வைத்தியத்தை மருத்துவர்களிடம் விட்டுவிட்டு, நம் சங்கத்தால் முடிந்ததை மட்டும் பேசுகிறேன்.

இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு சமூகமும் தன் மக்களைத் தானே கவனித்துக்கொண்ட வரலாறு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826-ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். சீனப் பெருமக்கள் 1867-இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்தது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. தொழுகைக்கு இடம், உடம்புக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று முன்னோர் வழி செய்தார்கள். மனம் நோயுற்றவருக்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.

ஒரு வீட்டில் மௌத் என்றால் ஒரு மணி நேரத்தில் நாம் திரண்டுவிடுகிறோம். குளிப்பாட்ட ஆள் வருகிறது, கஃபன் வருகிறது, மூன்று நாளைக்குச் சாப்பாடு வருகிறது. இருதய அறுவைச் சிகிச்சை என்றால் பழக்கூடையோடு மருத்துவமனைக்குப் போகிறோம். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மனநோய் என்று தெரிந்தால் அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. தட்டுவார்களோ என்ற பயத்தில் அவர்களும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

இது எங்கோ ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. சிங்கப்பூரில் 2016-இல் நடந்த மனநல ஆய்வின்படி, ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனநோய்க்கு ஆளாகிறார். அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்த உதவியையும் நாடவில்லை. திரும்பத் திரும்பக் கைகழுவுவது, கதவைச் சரிபார்ப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்கள் சிகிச்சைக்கு வருவதற்குள் பதினோரு ஆண்டுகள்கூட ஆகிவிடுகின்றன. இந்த மண்டபத்தில் உள்ளவர்களை ஏழால் வகுத்துப் பாருங்கள்.

காரணம் வெட்கம். ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி பேசினார்கள். இங்கே 'உட்பிரிட்ஜ்' என்று பேசினோம். 1928-இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை 1993-இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறி, இன்று மனநலக் கழகமாக இருக்கிறது. கட்டடமும் பெயரும் மாறியும் கேலி மாறவில்லை. அதற்குப் பயந்துதான் பெண் பார்க்க வரும் நாளில் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். நிக்காஹ் முடியும்வரை மருந்தையே நிறுத்துகிறார்கள். பிறகு இரண்டு குடும்பங்கள் கஷ்டப்படுகின்றன.

பராமரிப்பவரின் நிலையையும் பார்க்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தாயாரின் மகனுக்கு ஸ்கிட்சோஃப்ரினியா. அந்த அம்மா ஆறு வருடமாக ஒரு கல்யாண விருந்துக்கும் போனதில்லை. மகனைத் தனியே விட முடியாது. கூட இருக்க வேறு ஆளும் இல்லை. என் கடையில் ஓர் ஊழியருக்குக் காய்ச்சல் என்றால் ஷிஃப்டு மாற்ற இன்னொருவர் இருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஷிஃப்டு மாற்ற ஆளே இல்லை.

மாற்று ஆள் இல்லாத குடும்பம் களைத்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வைத்தியம் எங்கே என்று தெரியாமல், உதவிக்கு ஆளில்லாமல் ஓய்ந்துபோனவர்களும் அவர்களில் உண்டு.

அதற்காக துஆ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குஜராத்தில் உனாவா என்ற ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், முஜாவிர்களே பயிற்சி பெற்று, வருகிறவர்களை மனநல மருத்துவரிடமும் அனுப்புகிறார்கள். மருந்தும் துஆவும் சேர்ந்தே நடக்கின்றன. ஏர்வாடியிலும் அந்த முறை வந்தது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். சித்தம் கலங்கியவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்பது நம் சட்டம். அல்லாஹ்வே சலுகை கொடுத்தவரை நாம் குற்றவாளிபோல் பார்க்கலாமா? ரமலானில் நோன்புக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். வேளையை மாற்றித் தர முடியுமா என்று அவர் சொல்வார். நோன்பு நோற்கக்கூடாது என்றால் ஹஜ்ரத்திடம் சட்டம் கேளுங்கள்.

இந்த நாட்டில் உதவிக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூர் மனநலச் சங்கம் 1968 முதல் செயல்படுகிறது. பராமரிப்பாளர்களுக்கென்றே 2011-இல் தொடங்கிய 'கேர்கிவர்ஸ் அலையன்ஸ்' இலவசப் பயிற்சி தருகிறது. அனுபவப்பட்ட பராமரிப்பாளர்களே அங்கே புதியவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். முஸ்லிம் சமூகத்திலிருந்து டாக்டர் ராதியா சலீம் அவர்கள் 2012-இல் தொடங்கிய 'கிளப் ஹீல்', நோயிலிருந்து மீண்டு வருவோருக்குத் துணை நிற்கிறது. மனச்சோர்வு, ஸ்கிட்சோஃப்ரினியா, பைபோலார், பதற்ற நோய் ஆகியவற்றின் சிகிச்சைக்கு வரம்புக்குட்பட்டு மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். அவசரமென்றால் மனநலக் கழகத்தின் 6389 2222, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து மறைக்கவேண்டாம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் இங்கே குற்றமல்ல.

அப்படியானால் நம் சங்கம் எதற்கு? அந்த அமைப்புகளின் வாசல்வரை ஒரு குடும்பத்தை அழைத்துப்போக, தமிழ் பேசும், முகம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நாம் கொடுக்கலாம். நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஆண்களில் இருவர், பெண்களில் இருவர் பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போகவேண்டும். வீட்டில் பாரம் சுமப்பவர் பெரும்பாலும் பெண். அவர் மனம் திறந்து பேச ஒரு பெண் வேண்டும்.

இரண்டாவது, மாதம் ஒரு முறையாவது மூன்று மணி நேரம் தொண்டூழியர் ஒருவர் அந்த வீட்டில் போய் இருக்கவேண்டும். பராமரிப்பவர் கடைக்குப் போகட்டும், தூங்கட்டும், ஒரு விருந்துக்குப் போய்வரட்டும்.

மூன்றாவது, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்துவிட்டால் அந்தக் கதவு மறுபடி திறக்காது.

நான்காவது, என்னைப் போன்ற வியாபாரிகளுக்கு. குணமாகி வருபவருக்கு மருந்தோடு வேலையும் வேண்டும். முழுநாள் முடியாவிட்டாலும் வாரத்தில் சில மணி நேரம் சரக்கு அடுக்க, கணக்கு எழுத இடம் கொடுக்கலாம். என் கடையில் ஓர் இடம் தருகிறேன் என்று இந்தச் சபையிலேயே ஒப்புக்கொள்கிறேன். சைனாடவுனிலும் தேக்காவிலும் கடை வைத்திருக்கும் காக்காமார்கள், அண்ணன்மார்கள் இன்னும் நான்கு பேர் முன்வந்தால் போதும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஐம்பது வருடமாக மௌத் வீட்டுக்குப் போய்வந்த அதே கால்கள்தான் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். வீட்டில் இந்தச் சோதனை உள்ளவர்கள் இன்றே பேசவேண்டும் என்பதில்லை. என்றைக்குப் பேச மனம் வருகிறதோ, அன்றைக்கு வாருங்கள்.

நோயுற்ற ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் ஷிஃபா தருவானாக. அவர்களைப் பராமரிப்பவர்களுக்குப் பொறுமையையும், நமக்கு அவர்களோடு நிற்கும் மனத்தையும் தருவானாக. ஆமீன்.