கண்ணின்மேல் குடியிருப்போர்



கிருமி என்ற சொல் காதில் விழுந்ததும் நோய் என்றே எண்ணுவது நம் வழக்கம். ஆயினும், நோயற்ற கண்ணின் மேற்பரப்பிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தோலில் வாழும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இவை மிகச் சொற்பம். காரணம், கண்ணீர். 1922-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர் லைசோசைம் என்ற பொருளைக் கண்டறிந்து அறிவித்தார். கண்ணீரிலுள்ள அப்பொருள் பாக்டீரியாக்களின் சுவரைக் கரைத்துவிடும். நாம் இமைக்கும்போதெல்லாம் கண் கழுவப்படுகிறது.

இவ்வளவுக்கும் தப்பி வாழ்பவை வீணே வாழவில்லை. 2017-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளின் கண்ணில் ஒருவகைக் கோரினிபாக்டீரியத்தைக் கண்டனர். அது உடலின் காப்பணுக்களைத் தூண்டி, கொடிய கிருமிகள் கண்ணைத் தாக்காதவாறு தடுத்தது. எலிக்கு மெய்யானது மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிடலாகாது. எனினும் சிந்திக்கத் தக்கது.

இனி நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு வருவோம். சிதம்பரத்தை அடுத்த சிற்றூர்ப் பள்ளிகளில் நான் பணியாற்றிய நாளில், தை மாதம் வந்தால் வகுப்பில் பாதி இடம் காலியாக இருக்கும். பிள்ளைகள் களத்துமேட்டில் இருப்பார்கள். நெல் தூற்றும்போது பறக்கும் உமி, முகத்தில் உரசும் தாள், இவற்றால் கருவிழியில் நுண்ணிய கீறல் விழும். மேற்றோல் கிழிந்தால் காவல் குலைந்தது. பயிரிலும் மண்ணிலும் வாழும் ப்யூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் அவ்வழியே நுழைந்து புண்ணாக்கும். மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது, லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாயிற்று எனத் தெரிந்தது. அமெரிக்காவின் ஒரு பகுதியில் கண்டதைப்போல் அது பத்து மடங்கு!

தூசி விழுந்த கண்ணில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அன்பினால் செய்வதுதான், ஆனால் கீறிய கண்ணுக்கு அது புதிய கிருமிகளை அழைத்து வரலாம். அதைவிடக் கேடானது, எவரையும் கேளாமல் மருந்துக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. சிவப்பு தணிவதுபோல் தோன்றும். உடலின் எதிர்ப்பு ஒடுங்கியதால் பூஞ்சை உள்ளே ஆழமாக வேரோடும். வெண்புள்ளியாய்த் தொடங்கிய புண், கண்ணையே துளைத்துவிடுவதும் உண்டு.

மருத்துவர் என்ன செய்வார்? புண்ணைச் சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்பெருக்கியில் நோக்குவார். பூஞ்சையின் இழைகள் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடலாம். மருந்து எது என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. மதுரை, புதுச்சேரி, கோவை ஆகிய ஊர்களின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் இரு மருந்துகளை ஒப்பிட்டு, 2013-இல் முடிவை வெளியிட்டனர். புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நடாமைசின் சொட்டு மருந்தே சிறந்தது. ப்யூசேரியத்தால் வந்த புண்ணில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பேருந்துப் பயணந்தான். உறுத்தலோடு வலியும் கண் கூச்சமும் இருந்தால், மறுநாள் காலைவரை காத்திராமல் அன்றே புறப்படலாம்.