படைப்பின் பின்னே நிற்கும் கரங்கள்



ஓவியத்தின் முன் நிற்கும் இரசிகர் அதன் அழகைக் காண்கிறார். விமர்சகர் அதன் கருத்தை ஆராய்கிறார். சமூகவியலாளர் எழுப்பும் வினாக்கள் வேறு. இதற்குத் தாளும் மையும் தந்தவர் யார்? அச்சிட்டவர் யார்? இது எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது? எவர் கைக்குச் சேராமல் தடுக்கப்பட்டது?

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 இலட்சம் மக்கள் பட்டினிக்கும் நோய்க்கும் பலியாயினர். அவ்வாண்டின் இறுதியில் ஓவியர் சித்தபிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, கண்ட மனிதர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். அவை 'பசித்த வங்கம்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலச் சிறுநூலாக வெளிவந்தன. அச்சான 5,000 படிகளில் ஏறத்தாழ அனைத்தையும் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி அழித்தது.

அந்தக் கோடுகளின் வலிமையை ஓவியரின் தனித்திறமையால் மட்டும் விளக்கிவிட இயலாது. அவர் படங்களை வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' ஏடு, அச்சுக்கோத்த தொழிலாளர், தெருவில் கூவி விற்ற ஊழியர், தங்கள் துயரத்தை அவரிடம் எடுத்துரைத்த விவசாயிகள் ஆகிய அனைவருக்கும் அப்படைப்பில் பங்குண்டு. கலை என்பது பலர் கூடிச் செய்யும் உழைப்பு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1982இல் தம் 'கலை உலகங்கள்' நூலில் நிறுவினார். நூலை அழித்த அரசும் அந்த உலகின் ஓர் உறுப்பே. எதை அது அஞ்சியது என்பதும் கலையின் சமூகப் பொருளைச் சொல்கிறது.

படைப்பதைப் போலவே பார்ப்பதும் சமூகச் செயலாகும். 1960களில் பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியுவும் அவருடைய சகாக்களும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பார்வையாளர்களை ஆய்ந்தனர். அங்கு வருவோரின் எண்ணிக்கை கல்வித் தகுதியோடு சேர்ந்து உயர்ந்ததை அவர்கள் கண்டனர். கட்டணத்தை நீக்கினால் மட்டும் உழைப்பாளி உள்ளே வந்துவிடுவதில்லை. 'இது எனக்கானதல்ல' என்ற எண்ணத்தை வர்க்க சமூகம் அவருள் முன்னரே விதைத்துவிடுகிறது. பின்னர் அதையே அவருடைய இரசனைக் குறைவென்று இகழ்கிறது.

ஆகவே இயக்கத்தின் கலை நிகழ்ச்சி முடிந்தபின், கருத்து சரியாக இருந்ததா என்று மட்டும் கேட்பது அரை ஆய்வே. பறை இசைத்தவருக்கு உரிய ஊதியம் கிடைத்ததா? வீட்டு வேலை முடியாத பெண் தொழிலாளி அந்த நேரத்தில் வந்திருக்க முடியுமா? அரங்கில் இல்லாதவர் யார், ஏன் இல்லை? இவ்வினாக்களுக்கு விடை தேடாத வரை, மக்கள் கலை என்பது மக்களைப் பற்றிய கலையாக மட்டுமே நின்றுவிடும்.