பட்டா பெண்கள் பெயரில்

நம் களம்பூரில் இந்நேரம் தறிச்சத்தம் தொடங்கியிருக்கும். பாவும் ஜரிகையும் முதலாளியுடையவை, நெசவாளிக்குக் கூலி மட்டும் என்பது நமக்குப் புதிதல்ல. கீழத்தஞ்சையில் நிலமும் அப்படித்தான் இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு, அங்கே கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணி கிராமத்தில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். செய்தி கேட்டு அங்கே போன காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கணவரோடு அந்த மக்கள் நடுவிலேயே தங்கி உழைத்தார். 1981-இல் இருவரும் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்கிழார்களோடு பேசி விலை முடிப்பார்கள்; கடன் வாங்கி நிலத்தை நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பட்டா பெண்கள் பெயரில்! நெருப்பு வைக்கப்பட்ட மண்ணில் பழிவாங்கப் புறப்படாமல் பத்திரம் எழுத உட்கார்ந்தார்களே, அந்தத் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. கூட்டாகப் பயிரிட்டு, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது ஏற்பாடு. இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலம் பெற்றன.